ஜி.எஸ்.டி. காம்போசிஷன்: ஓசூரில் முறுக்கு விற்பவனின் சில வருட அனுபவம்

புதிதாகத் தட்டுவடை போட்டு விற்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, காம்போசிஷனில் சேரலாமா, ரெகுலரே எடுத்துவிடலாமா?" என்று கேட்டிருந்தார். காம்போசிஷன் என்பது சிறு வியாபாரி தன் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய ஜி.எஸ்.டி. திட்டம். ரெகுலர் என்பது சரக்குக்கு உரிய முழு வரியைப் போட்டு, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக் கட்டும் வழக்கமான முறை. வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், கோபம் ஏறி இவ்வளவு நீண்டுவிட்டது. காம்போசிஷனில் ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை இருக்கலாம், உற்பத்தியாளருக்கு வரி 1 சதவீதம், வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கழிக்க முடியாது. இவ்வளவையும் எந்த ஆடிட்டரும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது எல்லைக்கோடு பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நிம்மதியான வரித் திட்டத்தை நான் பார்த்ததில்லை. காலாண்டு முடிந்ததும் அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் சி.எம்.பி-08 என்ற படிவம் போட வேண்டும். மொத்த விற்பனையை எழுதி, அரை சதவீதம் மத்திய அரசுக்கு, அரை சதவீதம் மாநில அரசுக்கு என்று நெட்பேங்கிங்கில் கட்டினால் முடிந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஜி.எஸ்.டி.ஆர்-4 என்ற ரிட்டர்ன். பொரிக்கிற எண்ணெய் காய்வதற்குள் அடுப்படியில் நின்றபடியே பலமுறை காலாண்டுக் கணக்கை முடித்திருக்கிறேன். ரெகுலரில் இருக்கும் என் நண்பர் மாதம் பாதி ஆனதும் சப்ளையர்களுக்குப் போன் போடத் தொடங்குவார்: "என் பில்லை ஏற்றினீர்களா? 2பி-யில் வரவில்லையே!" (2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், அதில் வந்தால்தான் வரியைக் கழிக்க முடியும்.) எனக்கு அந்தத் தலைவலி ஒரு நாளும் வந்ததில்லை. நோட்டீசும் வந்ததில்லை. ஆடிட்டருக்கு நான் கொடுத்த கட்டணம் பொங்கல் இனாம் அளவுக்குத்தான் இருக்கும்.

கடையில் "காம்போசிஷன் டாக்ஸபிள் பெர்சன்" என்று பலகை வைக்க வேண்டும் என்பது விதி. அது நான் படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அத்திப்பள்ளி.

ஓசூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அங்கே எல்லையோரத்து ஊர்தான் அத்திப்பள்ளி. அங்கே டீக்கடை, பேக்கரி, கம்பெனி கேன்டீன் என்று வாங்குவதற்கு ஆள் காத்திருக்கிறது. பெங்களூரு நகரமே பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியே சரக்கு விற்கக் கூடாது. கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். ராமேஸ்வரத்துக்கு அனுப்பலாம். 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளம் மூலமாகக்கூட விற்கலாம், தமிழ்நாட்டுக்குள் மட்டும். கண்ணுக்குத் தெரிகிற அத்திப்பள்ளிக்கு ஒரு பெட்டி முறுக்கு போகக் கூடாது. வாங்குவதற்கு மட்டும் தடை எதுவும் இல்லை! என் பேக்கிங் மெஷின் பெங்களூருவிலிருந்துதான் வந்தது, 18 சதவீத வரியோடு. பில்லைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அத்திப்பள்ளிக் கடைக்காரரே தன் வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போனால்? அதுவும் ஆகாது. வாங்கியவரே கொண்டுபோனாலும், சரக்கு எங்கே போய்ச் சேர்கிறதோ அதுதான் விற்பனை நடந்த இடம். இதைவிட வேடிக்கை கவுன்ட்டர் விற்பனையில். 2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் அவருடைய முகவரி இருந்தால் அந்த முகவரிதான் விற்பனை நடந்த இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே பொருள். எதுவும் எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம். ஆகவே பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்த ஒருவர் அரைக் கிலோ கை முறுக்கு வாங்கிக்கொண்டு, "அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், பில்லில் முகவரி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் எனக்கு வியர்க்கும். ஆடிட்டரிடம் கேட்டேன். "சார், வாங்குபவர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். அரைக் கிலோ முறுக்குக்கு இவ்வளவு சட்ட ஆலோசனை!

சரி, ஊருக்குள்ளாவது நிம்மதியாக விற்கலாம் என்றால் அங்கேயும் பாதிதான். டீக்கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார். சூப்பர் மார்க்கெட்காரர் முதலில் கேட்பது டாக்ஸ் இன்வாய்ஸ், அதாவது வரி காட்டிய பில். நான் கொடுப்பது வரி போடாத பில் ஆஃப் சப்ளை, அதை வைத்து அவர் கிரெடிட் எடுக்க, அதாவது தன் வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன், அடுத்த ஆர்டர் வராது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் விலகாமல் இருந்ததற்குக் காரணம் கணக்கு. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய முறுக்கு, மிக்சருக்கு முன்பு 12 சதவீதம். 100 ரூபாய்க்கு (வரி சேர்த்து) கடைக்குப் போடும் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 ரூபாய்க்கு எண்ணெய், சீரகம், பெருங்காயம் என்றால் 5 சதவீதத்தில் வரி 2 ரூபாய். பாக்கெட் ஃபிலிம், கமர்ஷியல் சிலிண்டர் 11 ரூபாய்க்கு என்றால் 18 சதவீதத்தில் ஏறத்தாழ இன்னொரு 2 ரூபாய். இந்த 4 ரூபாய் காம்போசிஷனில் எனக்குத் திரும்ப வராது. அதோடு 1 ரூபாய் நான் கட்டுவது. ஆக மொத்தம் 5 ரூபாய். ரெகுலரில் இருந்திருந்தால் அதே 100 ரூபாயில் வரி 10 ரூபாய் 71 காசு. அந்தக் காலத்தில் காம்போசிஷனே லாபம், வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

2025 செப்டம்பர் 22 அன்று அந்த 12 சதவீதம் 5 ஆனது. இப்போது ரெகுலரில் மொத்த வரி 4 ரூபாய் 76 காசு. அதிலும் 4 ரூபாய் ஏற்கெனவே சப்ளையர் வழியாகக் கட்டியது, கழித்துக்கொள்ளலாம். கையிலிருந்து போவது 76 காசு. எனக்கோ இன்னும் அதே 5 ரூபாய். ஊரெல்லாம் வரிக்குறைப்பைக் கொண்டாடியபோது என் 1 சதவீதம் அப்படியே நின்றது. உங்கள் சரக்கில் ஃபிலிமும் எண்ணெயும் எவ்வளவு என்பதைப் பொறுத்து இது மாறும். வீட்டில் பாட்டி கைமுறுக்கு சுற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் கணக்கு வேறு.

வருமான வரி பற்றித் தம்பி கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. உத்தேச வருமானத் திட்டத்தில் (ஆடிட்டர்கள் 44ஏடி என்பார்கள்) வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். உண்மை லாபம் அதிகமென்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். 60 லட்சம் விற்பனைக்கு 6 சதவீதம் 3.6 லட்சம். வரி இல்லை, சந்தோஷம். நாளைக்கு மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளரும் அதே 3.6 லட்சத்தைத்தான் பார்ப்பார். கரன்ட் அக்கவுன்ட்டை முதல் நாளே திறந்துவிடுங்கள். வீட்டு மளிகைச் செலவையும் மாவு மில் பாக்கியையும் ஒரே கணக்கில் போட்டால் பிறகு பிரித்தெடுக்க ஆண்டவனாலும் ஆகாது.

என் தீர்ப்பு என்ன? திட்டம் நல்ல திட்டம். எளிது, மலிவு, சொன்னபடி நடக்கிறது. ஓசூரில் யாரும் இதை எடுக்காதீர்கள். என் 5 ரூபாய்க்கும் ரெகுலரின் 4 ரூபாய் 76 காசுக்கும் 24 காசு வித்தியாசம் என்பதற்காகச் சொல்லவில்லை, 24 காசுக்காக நான் படிவம் நிரப்புகிறவன் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் பணத்தோடு நிற்கும்போது "உனக்கு விற்க மாட்டேன்" என்று சொல்ல வைக்கும் ஏற்பாடு எனக்கு ஒத்துவரவில்லை. மணப்பாறையிலோ விருதுநகரிலோ இருந்து, டீக்கடைகளுக்கு மட்டும் போடுகிறவர் என்றால் தாராளமாக எடுங்கள்.

விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே, மாநிலத்துக்குள்ளேயே என்றால் பதிவே தேவையில்லை. ஆனால் ஒரு பாக்கெட் முறுக்கை எல்லைக்கு அப்பால் விற்பதானாலும் பதிவு கட்டாயம், அதுவும் ரெகுலரில். மாதா மாதம் ரிட்டர்ன் என்று ஆடிட்டர் பயமுறுத்தினால், 5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் ரிட்டர்னைக் காலாண்டுக்கு ஒரு முறை போடலாம் என்பதை நினைவூட்டுங்கள். பணத்தைத்தான் மாதந்தோறும் கட்ட வேண்டும்.

நான் வரும் ஏப்ரலில் வெளியேறுகிறேன். சி.எம்.பி-04 என்ற விலகல் படிவம் கொடுத்தால் போதும். அதன்பின் 30 நாளுக்குள் ஐ.டி.சி-01 படிவம் போட்டால் கையிருப்புச் சரக்கில் உள்ள வரிக்குக் கிரெடிட் கிடைக்கும், பில் ஓராண்டுக்குள் போடப்பட்டதாக இருந்தால். பெங்களூரு மெஷினின் பில்லுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. அந்த 18 சதவீதம் போனது போனதுதான்.