யுனிவர்சல் அடாப்டர்: எல்லா நாட்டுக்கும் சேரும், பல சுவர்களில் நிற்காது

விலை இறங்கியிருக்கிறதே, வெளிநாட்டுப் பயணத்துக்கு யுனிவர்சல் அடாப்டர் ஒன்று வாங்கிவிடலாமா என்று நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். பக்கவாட்டில் ஸ்லைடர், தள்ளினால் வெளியே வரும் பின்கள், கீழே யுஎஸ்பி துளைகள் என்று எல்லோரும் விற்கிற அதே கட்டைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாவற்றிலும் ஒரே மூன்று தட்டைப் பின் சாக்கெட். அங்கே செருகினால் உடும்புப் பிடி. யுஎஸ்பி துளைகளும் சலிக்காமல் உழைக்கின்றன. போன், வாட்ச், பவர் பேங்க் எல்லாம் ஒரே கட்டையில் சார்ஜ் ஆகிவிடும். ஒரு குறை, அந்த நீள எர்த் பின் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டின் உள்மூடியைத் திறந்துவிடும், எர்த் கொடுக்காது. சார்ஜில் இருக்கும் அலுமினிய லேப்டாப்பைத் தடவினால் விரலில் சுரசுரவென்று தெரிவது அதனால்தான்.

ஜெர்மனிக்குப் போனால் கதையே வேறு. அங்கே சாக்கெட் சுவருக்குள் குழிந்த வட்டம்; ஆழம் 17.5 மி.மீ., பின்னின் நீளம் 19 மி.மீ. சதுர முகக் கட்டை விளிம்பிலேயே முட்டிக்கொண்டால் உள்ளே எவ்வளவு போகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு இந்தக் கட்டையில் இரண்டே தட்டைப் பின், பிடித்துத் தாங்க எர்த் பின் கிடையாது. பழைய ஹோட்டல் சாக்கெட் என்றால் சார்ஜரின் கனம் சேர்ந்து கட்டை தலை தொங்கும், ராத்திரியில் கழன்று விழும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரிச்சலே நம்ம ஊர் பிளக்கில்தான். 6 ஆம்பியர் பிளக்கின் பின் 5.1 மி.மீ. தடிமன், ஐரோப்பிய போன் சார்ஜரின் பின் 4 மி.மீ. இரண்டும் ஒரே துளையில் போக வேண்டும். நம்ம பிளக்கைத் தொடர்ந்து செருகச் செருக உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு விரிந்துபோகும். அப்புறம் மெல்லிய பின் உள்ளே ஆடும், சார்ஜ் விட்டு விட்டு ஏறும், கட்டை சூடாகும். பிளாஸ்டிக் வாடை வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

இது வோல்டேஜை மாற்றாது. சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. நம்ம 230 வோல்ட் மிக்ஸியை அமெரிக்காவின் 120 வோல்ட்டில் போட்டால் சட்னி அரையாது. 1500 வாட் கெட்டில் சுமார் 400 வாட்டுக்கு இறங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் பொழுது போய்விடும். 8 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள கட்டை அங்கே 960 வாட்தான் தாங்கும். அந்த ஊரில் வாங்கிய பெரிய ஹேர் டிரையரைப் போட்டால் ஃபியூஸ் போச்சு.

ஆகவே வாங்காதீர்கள். ஒரு நாட்டுக்கு மட்டும் போகிறவர் அந்த நாட்டுக்கான சின்ன அடாப்டர் ஒன்றும், நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் எடுத்துக்கொண்டால் போதும். லேப்டாப்புக்கு அதைவிட எளிய வழி உண்டு: சார்ஜர் கட்டைக்குள் செருகும் மூன்று துளைத் தலை பல லேப்டாப்களில் ஒரே மாதிரி. அந்த ஊர் பிளக் உள்ள வயரை மட்டும் வாங்கி மாட்டினால் எர்த்தும் கிடைக்கும்.

ஒரே சுற்றில் மூன்று நான்கு நாடு என்றால் வேறு வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். ஃபியூஸ் மூடி திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, அதே ஆம்பியரில் இரண்டு ஃபியூஸ் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.