ஈட்டி வெனீர் போட்ட ஒட்டு வில்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கூடலூர் நண்பர் ஒருவர் ஒட்டு வில், அதாவது மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்யும் வில், செய்யப் போகிறார். மூங்கில் மட்டும் போதுமா, அழகுக்கு ஈட்டி மரத்து வெனீர் (மெல்லிய மரத்தகடு) போடலாமா என்று கேட்டார். என் வில்லைப் போன வாரம்தான் பழுது பார்த்து முடித்தேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வேட்டை வில் அளவு, 45 பவுண்டு இழுவை. ஆனால் அம்பு போவது வைக்கோல் கட்டுக்கு மட்டும்தான். இங்கே வேட்டை சட்டப்படி குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மூங்கிலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. நடுப் பட்டைகள் கல் மூங்கில், வெளியே இருபுறமும் நிறமில்லாத ஃபைபர் கிளாஸ். மூங்கிலில் வலுவான நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும், அதனால் இழைப்பதை எல்லாம் உள்பக்கத்தில் இழையுங்கள், தோல் பக்கம் பளபளப்பு போகிற அளவு உப்புத்தாள் போட்டால் போதும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் துணியே காயாது. காற்றின் ஈரம் 90 சதவீதத்தில் நின்றால் மரத்தின் ஈரம் 20 சதவீதம் வரை ஏறிவிடும், ஒட்டுவதற்கோ அது 10க்குள் இருந்தால்தான் நல்லது. இத்தனை மழையிலும் மூங்கில் ஒட்டு ஒரு இடத்தில்கூட விடவில்லை.

விட்டது ஈட்டிதான். கைப்பிடி மெலிந்து வில்லின் கையோடு (வளையும் பகுதியோடு) சேரும் இடத்தில், ஃபைபர் கிளாஸ் கண்ணாடிக்கு அடியில், மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நீளும். வெனீர் அழகுக்குத்தானே, போனால் போகட்டும் என்று இதை விட முடியாது. நாணை இழுக்கும்போது பாரத்தில் பெரும்பங்கு வெளியே இருக்கும் ஃபைபர் கிளாஸில் விழுகிறது, அந்தக் கண்ணாடிக்கும் நடுப் பட்டைக்கும் நடுவில் நிற்பது இந்த மெல்லிய வெனீர். அது விட்டால் வில்லின் கையே பிளந்துவிடும். ஈட்டியில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, தேய்த்து அசிட்டோன் போட்டுத் துடைத்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப மேலே வந்துவிடும், துடைத்த கையோடு எபாக்சி பசை பூசியாக வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் நன்றாக உலர்ந்தது என்று அடித்துச் சொல்லி விற்ற அந்தக் கடைக்காரரின் வெனீர் உலரவே இல்லை, மிச்சம் வைத்திருந்த துண்டு மேட்டுப்பாளையம் வெயிலில் சுருண்டுபோனதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

இப்போது நீர்த்த எபாக்சியை விரிசலுக்குள் இறக்கி, சைக்கிள் டியூப்பால் இறுக்கி, அப்புறம் நூல் சுற்றியிருக்கிறேன். பிடிக்கிறது.

முனைக்கு எருமைக் கொம்பு போடுங்கள், நன்றாக உழைக்கிறது. மான் கொம்பு வேண்டவே வேண்டாம், காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து வைத்திருந்தாலும் குற்றம். கண்ணாடியின் மேல் கருப்பு வண்ணமும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் சூடு ஏறி எபாக்சி இளகும்.

சரி, போடலாமா? கூடலூரில் ஆனி, ஆடி மழை எங்கள் மழையைவிட மோசம், நியாயமாகப் பார்த்தால் மூங்கிலோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காலை வெயிலில் கண்ணாடிக்கு அடியில் அந்த ஊதா கலந்த பழுப்பு ரேகையைப் பார்த்த பிறகு வெறும் மூங்கில் எனக்குப் போதவில்லை. அடுத்த வில்லுக்கும் ஈட்டிதான். பழைய கட்டில் சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது, நானே அறுத்து, நானே உலர்த்தப் போகிறேன்.