வோல், மான் எலி மண்டையோட்டு வார்ப்புகள்: ஒரு மதிப்புரை

கொறிணிகளின் பரிணாமத்தைக் கற்பிப்போருக்காக விற்கப்படும் இந்தப் பிசின் வார்ப்புத் தொகுப்பில் புல்வெளி வோல், கரை வோல் (வோல் என்பது குட்டை வாலுள்ள, எலி போன்ற சிறு கொறிணி), மான் எலி ஆகியவற்றின் மண்டையோடுகள் அசல் அளவிலேயே கிடைக்கின்றன. தொகுப்பின் சிறப்பு முழுவதும் வோல்களின் கடைவாய்ப் பற்களில்தான் இருக்கிறது. கைலென்சை வைத்துப் பார்த்தால், இடமும் வலமும் மாறி மாறி அமைந்த முக்கோணங்களும் அவற்றைச் சுற்றியோடும் எனாமல் விளிம்பும் ரம்பத்தின் கூர்மையோடு தெரிகின்றன. சிலிக்கா மிகுந்த புல்லை ஓயாமல் அரைத்துத் தேயும் பற்கள், வேரின்றி வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் புல்வெளி வோல் அடங்கிய மைக்ரோட்டஸ் பேரினத்தால் புல்லையே நம்பி வாழ முடிகிறது. கரை வோலுக்கோ வயது ஏறியபின் கடைவாய்ப் பற்களில் வேர் உருவாகிறது. அதைக் காட்டுவதற்காகவே அதன் தாடையின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து வைத்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது.

மான் எலி வார்ப்பு ஏமாற்றம் அளிக்கிறது. விதையும் பூச்சியும் தின்னும் அந்த விலங்கின் மேல் கடைவாய்ப் பற்களில் குமிழ்கள் இரண்டு வரிசைகளாக இருக்கும், வீட்டுச் சுண்டெலிக்கு மூன்று வரிசைகள். இரண்டையும் பிரித்தறிய உதவும் அந்த முக்கிய அடையாளமே இங்கு மழுங்கிக் கிடக்கிறது. வோல்களுக்காக மட்டும் தாராளமாக வாங்கலாம். மான் எலிக்கு வேறு வார்ப்பைத் தேடுவதே நல்லது.