நிண்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் செல்டா: கேம் பாய் பெயரையும் இப்படியே திரும்பக் கொண்டுவரலாமா?

நிண்டெண்டோ நிறுவனம் 2021 நவம்பர் 12 அன்று வெளியிட்ட 'கேம் அண்ட் வாட்ச்: தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற சிறு கருவிக்குள் மூன்று செல்டா விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் மூன்றாவது, நிண்டெண்டோவின் பழைய கைக்கருவியான கேம் பாய்க்காக 1993இல் வெளிவந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. புயலில் கப்பல் சிதறி, முன்பின் அறியாத ஒரு தீவின் கரையில் மயங்கிக் கிடக்கும் நாயகன் லிங்க்கை ஒரு பெண் கண்டெடுக்கும் அதன் தொடக்கக் காட்சி, வண்ணமே இல்லாமல், இந்தச் சிறிய திரையில் இன்றும் மனத்தை இழுக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது. கேம் பாய்க்கென்றே பிறந்த ஒரு விளையாட்டை, கேம் பாயை விடவும் பழைய வேறொரு பெயரைத் தாங்கிய உறைக்குள் வைத்துத் தந்திருக்கும் இந்த நிறுவனம், கேம் பாய் என்ற பெயரை மட்டும் 2005க்குப் பிறகு தன் புதிய கருவி எதற்கும் ஏன் சூட்டவில்லை? இனிச் சூட்டலாமா? என்னிடம் உள்ள இந்தக் கருவியை மதிப்பிடுவதும் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதும் ஒரே வேலைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். அதன் அளவு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முகப்பு பொன்னிறம், பக்கங்கள் பச்சை. இதற்கு ஓராண்டு முன்னால், 2020 நவம்பர் 13 அன்று வந்த மாரியோ கருவியும் என்னிடம் இருக்கிறது. அதன் எடை 68 கிராம் மட்டுமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கையில் எடுத்தால், பக்கங்கள் சிவப்பா பச்சையா என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு தெரியாது. செல்டாவில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்களைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். மாரியோ கருவியில் அவை இல்லை. இடப்புறத்துச் சிலுவை வடிவத் திசைப் பொத்தான் துல்லியமாக இயங்குகிறது. நெருக்கடியான குகை அறையில் எதிரியின் பக்கவாட்டில் ஒரே ஓர் அடி நகர்ந்து வாளை வீச வேண்டிய கணத்தில், விரல் நினைத்த திசையிலேயே லிங்க் நகர்கிறான். வலப்புறத்து ஏ, பி பொத்தான்கள் ரப்பரால் ஆனவை. பழைய கேம் அண்ட் வாட்ச் கருவிகளின் தொடு உணர்வை வேண்டுமென்றே தக்கவைத்திருக்கிறார்கள். திரை மிகச் சிறியதுதான், ஆனால் எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றன. கண்ணாடி அணிந்த நானும் வசனங்களை எளிதாகப் படித்துவிடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரம். 1986இல் வந்த முதல் செல்டாவின் உலகமே அதில் கடிகாரத்தின் முகமாகியிருக்கிறது. சும்மா விட்டால் லிங்க் தானே நடமாடிச் சண்டையிடுவான், விரும்பினால் நாமே அவனை இயக்கலாம். இரண்டாம் விளையாட்டின் காட்சிகளைக் கொண்டு ஒரு டைமரும் அமைத்திருக்கிறார்கள். பின்புறத்தில் முக்கோணச் சின்னம் மெல்ல ஒளிர்கிறது. பெட்டிக்குள் இருந்த அட்டையே கருவியை மேசையில் நிறுத்தி வைக்கும் தாங்கியாகவும் பயன்படுகிறது. என் மேசையில் அது அப்படித்தான் நிற்கிறது; விளையாடும் நேரத்தை விட மணி பார்க்கும் நேரமே அதிகம் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன், ஏனெனில் பெயரில் 'வாட்ச்' என்ற சொல் இருக்கும் கருவி அப்படித்தான் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஹெட்போன் செருக வழியில்லை. யுஎஸ்பி-சி கேபிள் தருகிறார்கள். சார்ஜரை நாமே தேடிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரியது, உள்ளே இருப்பவற்றோடு இன்னொரு விளையாட்டைச் சேர்க்க நிறுவனம் எந்த வழியும் வைக்கவில்லை என்பது. 49.99 டாலருக்கு மூன்று பெரிய விளையாட்டுகளும் ஒரு கடிகாரமும் நியாயமான விலைதான். ஆனாலும் இது முற்றிலும் மூடிய பெட்டி.

இப்படி மூடியிருப்பது இந்தப் பெயருக்குக் குறையாகாது. ரயிலில் ஓர் அலுவலர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுதைப் போக்குவதைக் கண்ட நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பேய் யோகோய்க்கு இந்தக் கருவியின் எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். 1980இல் 'பால்' என்ற முதல் கேம் அண்ட் வாட்ச் வெளிவந்தது. 1991 வரை நீடித்த அந்த வரிசை மொத்தம் 4.34 கோடி கருவிகளாக விற்றது. அவை ஒவ்வொன்றும் கணிப்பானில் இருப்பது போன்ற எல்சிடி திரையில், பெரும்பாலும் ஒரே ஒரு விளையாட்டைக் கொண்டிருந்தன. விளையாடாத நேரத்தில் மணி காட்டின. விளையாட்டை மாற்ற வேண்டுமானால் வேறொரு கருவியைத்தான் வாங்க வேண்டும். ஆகவே 2020இலும் 2021இலும் அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தபோது நிண்டெண்டோ பெயருக்கு உண்மையாகவே நடந்துகொண்டது: மூடிய கருவி, உள்ளடங்கிய விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். பெயர் எதைச் சொன்னதோ அதுவே கையில் கிடைத்தது.

கேம் பாய் என்ற பெயர் சொன்னது வேறு. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென்னுக்கு வெளிவந்த அந்தச் சாம்பல் நிறக் கருவியை உருவாக்கியதும் யோகோயின் குழுதான். அதில் சதோரு ஒகாடாவின் பங்கு பெரிது. பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அதனால்தான் அதே ஆண்டில் வந்த அடாரி லிங்க்ஸும் அடுத்த ஆண்டில் வந்த சேகா கேம் கியரும் வண்ணத் திரையோடு ஆறு பென்சில் செல்களைச் சில மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டிருக்க, 160க்கு 144 புள்ளிகளும் நான்கு சாயல்களும் மட்டுமே கொண்ட கேம் பாய் நான்கு செல்களில் சுமார் 15 மணி நேரம் தாக்குப்பிடித்தது. விலை, பேட்டரி, உறுதி ஆகியவையே அதன் வெற்றிக்குக் காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பெயரின் உயிர் இருந்த இடம் கருவியின் பின்புறம் மேலே, விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜைச் செருகுவதற்கென இருந்த ஸ்லாட் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஸ்லாட்டைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். முதல் கேம் பாயில் கேட்ரிட்ஜைச் செருகி மின் விசையைத் தள்ளினால், விசையோடு இணைந்த ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு கேட்ரிட்ஜின் மேல் மூலையில் உள்ள வெட்டுக்குள் நுழைந்து அதைப் பூட்டிவிடும். விளையாட்டின் நடுவே யாரும் கேட்ரிட்ஜை உருவ முடியாது. 1998இல் கேம் பாய் கலர் வந்தபோது, அதில் மட்டுமே ஓடக்கூடிய கேட்ரிட்ஜ்களில் அந்த வெட்டை விட்டுவிட்டார்கள், ஆகையால் அவற்றைப் பழைய கருவியில் செருகினால் விசையே நகராது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் ஸ்லாட்டுக்குள் ஒரு நுண்ணிய சுவிட்ச் இருக்கிறது. பழைய கேட்ரிட்ஜின் உடல்வாகு அதை அழுத்தும், புதியதன் உடல்வாகு அழுத்தாது, அதை வைத்தே கருவி எந்த மின்னழுத்தத்தில், எந்த முறையில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு தலைமுறைகள் ஒரு பிளாஸ்டிக் விளிம்பின் வழியாக ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பொறியியலில் இதைவிட அன்பான ஓர் ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

இதன் பயனாக, 1989இல் வாங்கிய டெட்ரிஸ் கேட்ரிட்ஜ் 2003இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி வரை, அந்தப் பெயர் தாங்கிய எல்லாக் கைக்கருவிகளிலும் ஓடியது. அந்த வாக்கை முதலில் மீறியது 2005இல் வந்த கேம் பாய் மைக்ரோ. அழகான, நல்ல திரை கொண்ட அந்தக் கருவி அட்வான்ஸ் கேட்ரிட்ஜ்களை மட்டுமே ஏற்றது. பழையவற்றுக்கு அதில் இடமில்லை. கேம் பாய் என்று பெயரிடப்பட்ட கடைசிக் கருவியும் அதுவே. 2004இல் வந்த டிஎஸ் என்ற கைக்கருவியை கேம் பாயின் வாரிசு என்று சொல்லாமல், கேம் பாய்க்கும் வீட்டுக் கருவியான கேம்கியூபுக்கும் இணையான மூன்றாவது தூண் என்றுதான் நிண்டெண்டோ அறிமுகப்படுத்தியது. டிஎஸ் 15.4 கோடி விற்றது. அதன் பிறகு பழைய பெயருக்குத் திரும்ப வேண்டிய வணிகத் தேவையே எழவில்லை. பெயரை ஓய்வில் வைத்தது அன்று சரியான முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்றைக்கு வருவோம். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்கு அடுத்து வரும் முதன்மைக் கருவிக்குக் கேம் பாய் என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. 2017 வரை வீட்டுக் கருவி, கைக்கருவி என்று இரண்டு வரிசைகளாகப் பிரிந்திருந்த தன் உழைப்பை ஸ்விட்ச்சில் ஒன்றாக்கியதே நிண்டெண்டோவின் அண்மைக்கால வெற்றிக்கு அடித்தளம். அது 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. புதிய விளையாட்டுகளுக்கென்று தனிக் கைக்கருவி வரிசையை மீண்டும் தொடங்கினால் அந்த உழைப்பு மறுபடியும் இரண்டாகப் பிளக்கும். பெயரின் புகழ் மட்டுமே ஒரு கருவியைக் காப்பாற்றாது என்பதற்கும் நிண்டெண்டோவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பத்துக் கோடி விற்ற வீ என்ற வீட்டுக் கருவியின் பெயரை நீட்டி 2012இல் வந்த வீ யூ, பழைய கருவிக்கான துணைப்பொருளோ என்று வாங்குவோரைக் குழப்பியதில், 1.36 கோடியோடு நின்றது. 'பாய்' என்ற பாதியை மட்டும் கடன் வாங்கிய 1995ஆம் ஆண்டின் வெர்ச்சுவல் பாய், மேசையில் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டிய சிவப்புத் திரைக் கருவி. எட்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை.

நினைவுப் பொருளாகக் கொண்டுவருவதையும் நான் ஏற்கவில்லை. சேகா தன் அறுபதாம் ஆண்டையொட்டி 2020இல் ஜப்பானில் வெளியிட்ட கேம் கியர் மைக்ரோவின் திரை 1.15 அங்குலம், ஒவ்வொரு நிறத்திலும் நான்கு விளையாட்டுகள், அவ்வளவே. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு அழகானது, ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து விளையாட அந்தத் திரை ஏற்றதன்று. 2025இல் லெகோ நிறுவனம் 421 துண்டுகளில் கேம் பாயின் உருவத்தைக் கட்டும் தொகுப்பை வெளியிட்டுவிட்டது; அலமாரியில் அலங்காரமாக வைக்க அது போதும். இருபது விளையாட்டுகளை உள்ளடக்கிய, ஸ்லாட் இல்லாத ஒரு 'கேம் பாய் கிளாசிக்' வருமானால், கேம் அண்ட் வாட்ச் என்ற பெயருக்குப் பொருந்திய அதே வடிவம் கேம் பாய் என்ற பெயருக்குப் பொய்யாகிவிடும்.

எனக்கு வேண்டியது ஸ்லாட் உள்ள கேம் பாய். பழைய கேட்ரிட்ஜ்கள் மூன்று தலைமுறையும் செருகக்கூடிய, பின்னொளியோடு நல்ல திரை கொண்ட, ஒரு நாள் பயணத்துக்குப் பேட்டரி தாங்கக்கூடிய, 449.99 டாலருக்கு அறிமுகமான ஸ்விட்ச் 2இன் விலையில் பாதியைத் தொடாத ஒரு கருவி. இது நடக்காத காரியம் அன்று. அனலாக் என்ற நிறுவனம் 2021 டிசம்பரில் அனுப்பத் தொடங்கிய பாக்கெட் என்ற கருவி, 1600க்கு 1440 புள்ளிகள் கொண்ட திரையில், அதாவது முதல் கேம் பாய் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் நீளத்திலும் அகலத்திலும் சரியாகப் பத்து மடங்காக்கி, அசல் கேட்ரிட்ஜ்களை அற்புதமாக இயக்குகிறது. வெளியார் செய்து காட்டிய ஒன்றைப் பெயருக்குச் சொந்தக்காரர் செய்ய முடியாதா?

ஸ்விட்ச்சின் சந்தாவில் 2023 பிப்ரவரி முதல் கேம் பாய் விளையாட்டுகள் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல சேவைதான். முதல் கேம் பாய், கேம் பாய் பாக்கெட், கேம் பாய் கலர் ஆகியவற்றின் திரைச் சாயல்களை மாற்றிப் பார்க்கும் வசதியைக்கூட அக்கறையோடு செய்திருக்கிறார்கள். ஆனால் சந்தா நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டபோது, அதில் தனித்தனியாக விற்கப்பட்டுவந்த கேம் பாய் விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழியும் அடைபட்டது. கேட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அசல் கேட்ரிட்ஜ் கிடைப்பதே இன்று கடினமாகிவிட்டது. மறுவிற்பனைக் கடை ஒன்றில் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய கேட்ரிட்ஜ் போலியானது. அசல் லேபிளில் அழுத்திப் பதித்த ஈரிலக்க எண் இருக்கும், இதில் இல்லை என்பதை வீட்டுக்கு வந்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோதுதான் கண்டேன். நிறுவனமே ஸ்லாட் உள்ள கருவியைக் கொண்டுவந்து, சில பழைய விளையாட்டுகளைப் புதிதாக அச்சிட்ட கேட்ரிட்ஜ்களாக விற்குமானால், போலிகளின் சந்தைக்கு அதைவிடச் சரியான மறுமொழி இருக்காது.

செல்டா கருவியைப் பொறுத்தவரை, மறுவிற்பனையில் அதன் அசல் விலைக்கு அருகே கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். 'லிங்க்ஸ் அவேக்கனிங்' ஒன்றுக்காகவே அது தகும். அதைப் போலப் பல மடங்கு கேட்டால் விட்டுவிடுங்கள். என் மேசையில் அந்தக் கருவிக்கு அருகிலேயே அதே விளையாட்டின் சாம்பல் நிறக் கேட்ரிட்ஜும் இருக்கிறது. சேமித்ததைக் காக்கும் நாணய வடிவ பேட்டரியை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். மற்றபடி மூலையில் அந்த வெட்டு உட்பட எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதை விளையாட வேண்டுமென்றால் இன்றும் எஸ்பியைத்தான் சார்ஜில் போடுகிறேன்.