அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டாம் பாடம்: வேலைக்குப் போன பிறகும் கைகொடுக்கிறதா?

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளை நிறுவினாலே எம்டிகார்ஸ் என்ற தரவும் கூடவே வந்துவிடும். 1974-இல் மோட்டார் ட்ரெண்ட் என்ற அமெரிக்க இதழில் வெளியான 32 கார்களின் விவரம் அது. ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி மைலேஜ் கேலனுக்கு 17.15 மைல், மேனுவல் கார்களுக்கு 24.39. முதல் பாடம் மட்டும் படித்தவர் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போடுவார், பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.01-க்கும் கீழே இருப்பதைப் பார்ப்பார், மேனுவல் கியர்தான் மிச்சம் என்று எழுதிவிடுவார். ஒரு மதிப்பை மற்ற மாறிகளைக் கொண்டு கணிக்கும் ரிக்ரஷனில் கியரோடு காரின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். 7.24 மைலாக இருந்த வித்தியாசம் −0.02 ஆகிவிடும். அந்த 32-இல் மேனுவல் கார்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை. கியருக்குக் கொடுத்த பெயர் எடைக்குச் சேர வேண்டியது.

இரண்டாம் பாடம் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கையே பதிலாகக் காட்டலாம்.

பாடத்திட்டம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் முதுகெலும்பு ஒன்றுதான்: பல மாறிகள் கொண்ட ரிக்ரஷன், ரெசிடுவல் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்) சோதனை, வகை மாறிகள், லாக் போன்ற உருமாற்றங்கள், மாறிகளைத் தேர்ந்தெடுப்பது, பிறகு ஆம்-இல்லை விடைகளுக்கான லாஜிஸ்டிக் ரிக்ரஷன். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஸ்டாட் 501 என்ற பாடத்தின் குறிப்புகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அதில் நான்கைந்து பகுதிகளைப் படித்தால் நமக்கு இது ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். நம்பக இடைவெளி, டி-சோதனை, ஒற்றை மாறி ரிக்ரஷன் மூன்றும் தடுமாறாமல் வர வேண்டும். அணிகள் (மேட்ரிக்ஸ்) கணக்கு கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் ஓட்டிவிடலாம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் வகுப்பு போக வாரம் 6 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. ஆர் புதிது என்றால் முதல் நான்கு வாரம் அதற்கு மேலும் 3 மணி நேரம் ஒதுக்குங்கள். புள்ளியியல் புரிந்தும் ஒரு காற்புள்ளி விட்டுப்போய் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பாடத்தின் உயிர் ரெசிடுவல் வாரங்களில் இருக்கிறது. பலர் அவசரமாகத் தாண்டுவதும் அதையேதான். கட்டளை ஒரே வரி, நான்கு படங்கள் வந்துவிடும், 'சரியாகத்தான் இருக்கிறது' என்று எழுதிவிடலாம். அப்படிச் செய்தால் கட்டிய பணம் வீண்.

ஆரோடு வரும் இன்னொரு தரவான ஏர்குவாலிட்டியை எடுத்துக்கொள்வோம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் நாள்தோறும் எடுத்த அளவுகள், மொத்தம் 153 வரிசைகள். ஓசோனைச் சூரியக் கதிர், காற்றின் வேகம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் வைத்துக் கணிக்கச் சொன்னால் ஆர்-ஸ்கொயர் (ஓசோனின் மாறுபாட்டில் நம் மாதிரி, அதாவது மாடல், விளக்கும் பங்கு) 0.61 வரும். பார்க்க நன்றாக இருக்கும். முதலில் கவனிக்க வேண்டியது வெளியீட்டின் அடியில் சின்னதாக இருக்கும் ஒரு வரி: விடுபட்ட மதிப்புகளால் 42 நாட்கள் நீக்கப்பட்டன. மிச்சம் 111 தான். நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போயிருக்கிறது, மென்பொருள் அதை உரக்கச் சொல்லாது.

அடுத்து மே 18-ஐப் பாருங்கள். காற்று மணிக்கு 18.4 மைல், வெப்பம் 57 டிகிரி ஃபாரன்ஹீட், கதிர் 78. மாதிரி கணிக்கும் ஓசோன் கழித்தல் 27. ஓசோன் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியே இல்லை, அன்று அளந்தது 6. மறுபக்கம் ஆகஸ்ட் 25: கணிப்பு ஏறத்தாழ 72, அளந்தது 168. ரெசிடுவல் படத்தில் புள்ளிகள் இடப்பக்கம் மேலே, நடுவில் கீழே, வலப்பக்கம் மீண்டும் மேலே என்று வளைந்து, போகப் போக விசிறிபோல் விரிவதற்கு இப்படிப்பட்ட நாட்கள்தான் காரணம்.

ஓசோனுக்கு லாக் எடுத்து அதே மாதிரியை ஓட்டினால் மே 18-இன் கணிப்பு 5 பக்கம் வந்து நிற்கும். இனி குணகத்தை (ஒரு மாறி ஓர் அலகு கூடும்போது கணிப்பு மாறும் அளவை) சதவீதமாகப் படிக்க வேண்டும்: வெப்பத்துக்கு 0.049 என்றால், மற்ற இரண்டும் மாறாதபோது டிகிரிக்கு ஓசோன் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. லாக் மாதிரியின் ஆர்-ஸ்கொயர் 0.66 என்பதால் அதுதான் மேல் என்று எழுதுவது ஒன்று. இரண்டின் இடப்பக்க மாறியும் (கணிக்கப்படுவதும்) வேறு, அந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. லாக் கணிப்பைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது சராசரி என்று நினைப்பது இன்னொன்று. கிடைப்பது இடைநிலை அளவுக்கு (மீடியன்) நெருக்கமானது, சராசரி அதைவிட மேலே இருக்கும். அடுத்தடுத்த நாட்களின் தரவு என்பதால் ரெசிடுவல்களை நாள் வரிசையிலும் வரைந்து பார்ப்பது கட்டாயம்.

வகை மாறிகளில் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. எம்டிகார்ஸில் சிலிண்டர் எண்ணிக்கை 4, 6, 8 என்று எண்ணாகவே இருக்கிறது. அப்படியே போட்டால் ஒவ்வொரு இரண்டு சிலிண்டருக்கும் 5.75 மைல் குறைகிறது என்று ஒரே சரிவை மாதிரி திணிக்கும். ஃபேக்டராக (எண்ணாக அல்ல, வகையாக) மாற்றிவிட்டுப் பாருங்கள்: 4-லிருந்து 6-க்கு 6.92 குறைகிறது, 6-லிருந்து 8-க்கு 4.64 தான். சிலிண்டருக்காவது வரிசை என்று ஒன்று இருக்கிறது. மாவட்டக் குறியீடு 1, 2, 3 என்று இருக்கும் தரவில் இதே தவறு நேர்ந்தால் வரும் குணகத்துக்கு அர்த்தமே இல்லை, ஆனால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பழைய பாடக்குறிப்புகளை வைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2020-இல் வந்த ஆர் 4.0.0 முதல், கோப்பைப் படிக்கும்போது எழுத்து மதிப்புகள் தாமாக ஃபேக்டர் ஆவதில்லை. குறிப்பில் ஓடும் நிரல் உங்கள் கணினியில் ஓடாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது, ஆரின் வழக்கமான அனோவா அட்டவணை மாறிகளை எழுதிய வரிசைக்கேற்ப வேறு வேறு விடை தரும். வரிசையை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குப் பெரும்பாலும் கடைசி இரண்டு வாரம்தான் ஒதுக்குகிறார்கள். போதவே போதாது. வேலையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: கடன் திரும்புமா, நோய் திரும்புமா, வாடிக்கையாளர் விலகுவாரா. குணகம் 0.7 என்றால் ஆட்ஸ் (நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது) இரட்டிப்பாகிறது, நிகழ்தகவு இரட்டிப்பாவதில்லை. 10 சதவீதமாக இருந்தது 18 ஆகும், 50 சதவீதமாக இருந்தது 67 ஆகும். அறிக்கையில் 'வாய்ப்பு இரு மடங்கு' என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்தம் போடுவதைவிட, இப்போதே இந்த இரண்டு கணக்கையும் கையால் போட்டுப் பழகுவது நல்லது. லாஜிஸ்டிக் ரிக்ரஷனை ஓட்டும் ஜிஎல்எம் கட்டளையில் பைனாமியல் என்று குறிப்பிட மறந்தால் மென்பொருள் சத்தமில்லாமல் சாதாரண ரிக்ரஷனை ஓட்டிவிடும். குணகம் 20, 30 என்று எகிறி, பிழையளவு (ஸ்டாண்டர்டு எரர்) ஆயிரக்கணக்கில் நின்றால், ஏதோ ஒரு மாறி ஆம்-இல்லை இரண்டையும் முழுசாகப் பிரித்துவிட்டது என்று பொருள்.

ஆண்டுகள் போன பின்னும் நிலைப்பது, மாதிரியை நம்பும் முன் படம் வரைந்து பார்க்கும் பழக்கமும், 'மற்றவை மாறாதபோது' என்பதை விடாமல் சேர்த்து எழுதும் ஒழுங்கும். விஐஎஃப் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்ற அளவு) 5-ஐத் தாண்டினால் மாறியைத் தூக்கிவிடு என்பதுபோல் மனப்பாடம் செய்த விதிகள் சீக்கிரம் மங்கிவிடும், மங்கட்டும். விஐஎஃப் 10 என்றால் அந்த மாறியின் 90 சதவீத மாறுபாட்டை மற்ற மாறிகளே சொல்லிவிடுகின்றன என்பது புரிந்திருந்தால் போதும். படிப்படியாக மாறிகளைச் சேர்த்து நீக்கும் தானியங்கி முறைக்கு ஒரு வாரம் முழுதும் செலவிடும் பாடத்திட்டத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் வரும் பி-மதிப்புகளை நம்ப முடியாது, ஏனென்றால் அதே தரவைப் பார்த்துத்தான் மாறிகளைப் பொறுக்கியிருக்கிறோம்.

சேரும் முன் பேராசிரியரிடம் கேட்க வேண்டியது இரண்டு. இறுதியில் சொந்தத் தரவில் புராஜெக்ட் உண்டா? மதிப்பெண் தரும்போது ரெசிடுவல் படத்துக்கு எழுதும் விளக்கத்தைப் படிக்கிறார்களா, விடையை மட்டும் பார்க்கிறார்களா? புராஜெக்டும் இல்லை, விளக்கத்தையும் படிப்பதில்லை என்றால் அடுத்த செமஸ்டர்வரை பொறுத்திருந்து வேறு ஆசிரியரிடம் எடுக்கலாம்.