டி206 அட்டைக்கு ஆண்டு குறிக்க: காங்கிரஸ் நூலகத் தொகுப்பு எவ்வளவு உதவும்?

சிகரெட், புகையிலைப் பாக்கெட்டோடு வந்த பழைய பேஸ்பால் வீரர் அட்டைக்கு ஆண்டு குறிக்க நினைப்பவர்கள் விலைப்பட்டியல் புத்தகத்தில் காசு போடும் முன், வாஷிங்டன் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையத் தொகுப்பைத் திறந்து பார்க்கலாம். பெஞ்சமின் கே. எட்வர்ட்ஸ் சேர்த்த ஆல்பங்கள் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் கைக்குப் போய், 1954இல் நூலகத்துக்கு வந்தவை. அவற்றிலுள்ள 1887 முதல் 1914 வரையான சுமார் 2,100 பேஸ்பால் அட்டைகளையும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம்.

குறை, தேதியில்தான். டி206 என்பது வெள்ளைக் கரை வைத்த ஓர் அட்டை வரிசை. அதில் எந்த அட்டையைத் திறந்தாலும் '1909-1911' என்றே போட்டிருக்கிறார்கள். மொத்த வரிசைக்கு அது சரி, ஆனால் கையில் இருக்கும் ஓர் அட்டைக்குப் போதாது. அதற்குப் பின்பக்கத்தைப் புரட்ட வேண்டும். பியட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் சிகரெட் விளம்பரங்களில் '150 சப்ஜெக்ட்ஸ்' (150 படங்கள்) என்றிருந்தால் முதல் சுற்று: 1909, மிஞ்சினால் 1910 தொடக்கம். '350' என்றால் 1910. '350-460' என்றால் 1910 கடைசியும் 1911உம். போலார் பேர் என்ற புகையிலையின் விளம்பரம் உள்ள பின்பக்கத்தில் இந்த எண்ணே கிடையாது. அங்கே முன்பக்கத்து அணிப் பெயர்தான் கைகொடுக்கும். கிட் எல்பர்ஃபெல்ட் என்ற வீரரை நியூயார்க் அணி 1909 டிசம்பரில் வாஷிங்டனுக்கு விற்றது. அதனால் ஒரே முகப்படம் 150 சுற்றில் 'நியூயார்க்' என்றும், 350 சுற்றில் 'வாஷிங்டன்' என்றும் வந்தது. வாஷிங்டன் என்று அச்சான அட்டை 1909 கோடையில் வந்திருக்க வழியே இல்லை.

பின்பக்கத்து 'ஃபேக்டரி எண் 25, 2ஆம் மாவட்டம், வர்ஜீனியா' பலரை ஏமாற்றும். அது வரிக்கணக்குக்காகச் சிகரெட் ஆலைக்குக் கொடுத்த எண். அட்டையை அச்சடித்தது நியூயார்க்கின் அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்டைகளில் குட்வின் கம்பெனியின் ஓல்ட் ஜட்ஜ் வரிசை (1886-1890) பார்க்க வேண்டியது. அச்சுப்படம் அல்ல, நிஜப் புகைப்படத்தையே அட்டையில் ஒட்டியது. அதனால்தான் பல படங்கள் வெளிறிப்போயிருக்கின்றன. வரிசைப் பெயர்களில் வரும் 'என்', 'டி' என்ற எழுத்துகளை (டி206இல் உள்ளதுபோல) அட்டையில் தேட வேண்டாம். அவை அட்டை சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் பின்னாளில் தன் பட்டியலுக்கு வைத்த குறிகள்.

திரையில் நடக்காத வேலை, அசலா மறுபதிப்பா என்று சொல்வது. அதற்கு அட்டை கையில் வேண்டும். 10 மடங்கு லென்ஸில் வீரர் பெயரைப் பாருங்கள். அசல் டி206இல் எழுத்து முழுப் பழுப்பு மையாக இருக்கும், சாதாரண மறுபதிப்பில் அதே எழுத்து புள்ளிப்புள்ளியாகச் சிதறும். பிறகு இருட்டில் புற ஊதா விளக்கு. நீலமாகப் பளிச்சிட்டால் காகிதத்தில் வெண்மையூட்டி இருக்கிறது, 1910இல் அப்படிக் காகிதமே இல்லை. அளவு 1 7/16 × 2 5/8 அங்குலம். அகலம் கொஞ்சம் குறைந்தால் ஓரம் வெட்டியது என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்கன் பியூட்டி சிகரெட் பாக்கெட் ஒல்லி, அதற்கான அட்டைகளை ஆலையிலேயே ஒடுக்கமாகத்தான் வெட்டினார்கள்.