அட்டன் பகுதியில் ஒரு வீட்டுத்தோட்ட, சத்துணவு வகுப்பு

அட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் சனசமூக மண்டபத்தில் நடைபெறும் வீட்டுத்தோட்ட, சத்துணவு வகுப்பை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் நாடளவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்க, தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 வீதமாக இருந்தது. இத்தகைய வகுப்பு நமக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சமையல் பகுதிதான் இதன் உயிர். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கத்தைக் குறைகூறாமல், தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன என்று பொறுமையாக விளக்கி, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொல்கிறார்கள். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவதை நம் பாட்டிமார் சுவைக்காகச் செய்திருக்கலாம். அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது என்று அறிந்ததும் பெண்கள் பலர் ஆர்வத்துடன் கேள்விகள் எழுப்பினர். குரக்கன் மா கலந்து சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள்.

வீட்டுத்தோட்டப் பயிற்சி அவசரமாக முடிகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் நிலமில்லாதவர்களுக்கு உரப்பைகளில் போஞ்சியும் லீக்ஸும் நடக் காட்டினாலும், சரிவான நிலத்தில் மழை மண்ணை அரித்துச் செல்வதைத் தடுக்கும் முறையை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வகுப்பு வார நாட்களில் காலையில் நடப்பது பெருங்குறை. அந்நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் தாய்மாரே இதை முதலில் கேட்க வேண்டியவர்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு மாற்றும்படி ஏற்பாட்டாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.